அன்னம்மாள் கரையில் ஊசியும் நூலும்

இலங்கையின் கற்பிட்டிப் பக்கத்துத் தலவிலைக் கோயிலுக்கு வருகிறவர்கள் மரியாளின் தாய் அன்னம்மாளிடம் பிள்ளை வரம் கேட்பார்கள். கடலுக்குப் போனவன் கரை சேர வேண்டும் என்பார்கள், நோய் தீர வேண்டும் என்பார்கள். ஊசி பிடிக்கிற பெண்களுக்கும் அவள்தான் பாதுகாவலி என்பது பலருக்குத் தெரியாது. ஐரோப்பாவில் தையற்காரிகளும் ரேந்தை பின்னுகிறவர்களும் பல நூற்றாண்டுகளாக அவளைத் தங்கள் புனிதையாகக் கொண்டாடி வந்தார்கள். மரியாளுக்குக் கைவேலை பழக்கிய தாய் அவள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ரொசெட்டி என்ற ஆங்கில ஓவியர் 1849இல் வரைந்த படத்தில், சிறுமி மரியாள் சிவப்புத் துணியில் லில்லிப் பூ தைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் அன்னம்மாள் அமர்ந்திருக்கிறாள். அந்தத் தாயின் பெயரில் கோயில் எழுந்த இந்தக் கரையில் ஒருவருக்கொருவர் தைத்துக் கொடுப்பதும் கைப்பட எழுதிக் கொடுப்பதும் அன்று எப்படி இருந்தன, இன்று என்னவாகியிருக்கின்றன என்பதை எழுத எனக்கு நெடுநாள் ஆசை.

பாலாவிச் சந்தியில் கற்பிட்டி வீதிக்குத் திரும்பினால் ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் கடல். நுரைச்சோலை தாண்டித் தலவில. மார்ச்சில் ஒரு திருநாள், ஆகஸ்டில் ஒரு திருநாள். கோயில் வந்த கதையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். மன்னாரிலிருந்து கொழும்புக்குக் கரைவழியே நடந்துபோன போர்த்துக்கேயன் ஒருவன் ஆலமரத்தடியில் களைத்துத் தூங்கியபோது கனவில் அன்னம்மாளைக் கண்டான் என்பது ஒன்று. கப்பல் உடைந்து கரையேறிய வியாபாரிகள் ஆலமரப் பொந்தில் அவள் சொரூபத்தை வைத்து நேர்ந்துகொண்டு போனார்கள் என்பது மற்றது. இப்போதுள்ள கோயிலின் வேலை 1837இல் தொடங்கி 1843இல் முடிந்தது.

அதே 1843இல்தான் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், நண்பர்களுக்கெல்லாம் தனித்தனியே கடிதம் எழுத நேரமில்லாமல், ஜோன் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு வாழ்த்துப் படம் வரைவித்து, ஆயிரம் பிரதி அச்சடித்தார். விலை ஒன்று ஒரு ஷில்லிங். உலகின் முதல் நத்தார் வாழ்த்து அட்டை என்று சொல்லப்படுவது அதுதான். நேரம் போதாதவர் ஒருவருக்காகத்தான் அச்சு அட்டையே பிறந்தது என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். பின்னால் நான் சொல்லப் போவதெல்லாம் நேரத்தைப் பற்றியதுதான்.

அன்று தலவிலைக்கு வருவது இலேசான பயணமில்லை. மாட்டுக் கரத்தையிலும் வள்ளத்திலும் வருவார்கள், மணலில் நடந்தும் வருவார்கள். கிடுகுக் கொட்டில் போட்டு, குடும்பம் குடும்பமாகத் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். அப்படி வருகிறவர்களின் மூட்டைகளில் ஒரு சின்னத் துணிச் சுருளும் இருக்கும். நேர்த்தி வைத்துப் பிறந்த பிள்ளையை அன்னம்மாளுக்குக் காட்ட வருகிற தாய், அந்தப் பிள்ளைக்குப் போட வைத்திருக்கும் சட்டை அது. அதை அவளே தைத்திருப்பாள், அல்லது பேத்தியார் தைத்திருப்பார், இல்லையென்றால் ஞானத்தாயாக நிற்கப்போகும் மாமியோ பெரியம்மாவோ தைத்திருப்பார்.

அந்தச் சட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதுத் துணியில் அதைத் தைக்க மாட்டார்கள். பல தரம் தோய்த்து மென்மையாகிப்போன வாயில் சேலையில், அதுவும் பெரும்பாலும் பேத்தியாரின் சேலையில், கரையில்லாத நடுப்பகுதியைக் கிழித்தெடுப்பார்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் இழை கோணும், கையால் கிழித்தால் நேராக வரும். பச்சைப் பிள்ளையின் தோலில் உராயக் கூடாது என்று தையல் விளிம்பு வெளிப்பக்கம் வரும்படி தைப்பார்கள். பொத்தான் வைக்க மாட்டார்கள். முதுகுப் பக்கம் முடிச்சுப் போட இரண்டு நாடா இருக்கும். கழுத்து விளிம்பை மடித்து ஓட்டத் தையல். கைவிளிம்பில் ஆசைக்கு மீன்முள் தையல் ஒரு வரி, அதற்குமேல் சங்கிலித் தையலில் ஒரு சின்னப் பூ. அளவு பிறந்த பிள்ளைக்குப் பெரிதாக இருக்கும், ஏனென்றால் மூன்று மாதமாவது போட வேண்டும். பிள்ளை ஆணா பெண்ணா என்று தெரியாத காலத்தில் தைப்பதால் மஞ்சளிலோ வெள்ளையிலோ நூல் போடுவார்கள். பிள்ளை வளர்ந்ததும் சட்டை தோய்த்து மடித்து அலுமாரியில் போகும். அடுத்த பிள்ளைக்கு, சிற்றன்னையின் பிள்ளைக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்று அது வெளியே வந்துகொண்டேயிருக்கும். ஒரு சட்டைக்குள் எத்தனையோ பேருடைய கை இருந்தது.

பிறந்தநாளுக்கும் நத்தாருக்கும் கொடுத்தவை இதைவிடச் சிறியவை. மூலையில் பெயரின் முதலெழுத்துத் தைத்த லேஞ்சி, தலையணை உறை, ஜெப புத்தகத்துக்குத் துணி உறை, செபமாலை போட்டு வைக்கச் சுருக்குப் பை. புதுநன்மை வாங்குகிற பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை. ரேந்தை வைத்த மேசை விரிப்பு கலியாணத்துக்குத்தான். அது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை.

இந்தத் தையல் வித்தை எங்கிருந்து வந்தது? துணி தைப்பது பழைய தொழில்தான். ஆனால் பூ வேலையும் ரேந்தையும் பெண்பிள்ளைகளின் படிப்போடு சேர்ந்து வந்தவை. நாகர்கோவிலில் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தாவும், இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசாவும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரேந்தைப் பின்னலைப் பெண்களுக்குப் பழக்கினார்கள். யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷன் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் வாசிப்போடு தையலும் பாடம். 1862இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியர் கத்தோலிக்கப் பெண்பிள்ளைகளின் படிப்பைக் கையில் எடுத்தபோது ஊசியும் கூடவே வந்தது. 1877இல் சிங்கர் கம்பனி இலங்கையில் கால்பதித்தது. பிறகு கரையோர வீடுகளிலும் கால்மிதி மெஷின் சீதனப் பொருளாயிற்று.

அந்தப் படிப்பில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பையன் கணக்குப் போட்ட நேரத்தில் பெண்பிள்ளை கைக்குட்டை தைத்தாள். 'அடக்கமான பிள்ளை' என்பதற்குச் சான்றாகத் தையலைக் காட்டிய பள்ளிக்கூடங்கள் நிறைய. கையில் ஊசியைக் கொடுத்துவிட்டு வாசலைச் சாத்தியதை நல்லது என்று என்னால் எழுத முடியாது. ஆனாலும் நாகர்கோவில், இடையன்குடிப் பெண்கள் அந்தப் பின்னலை விற்றுச் சொந்தக் காசு கண்டார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களும் அதே ஊசியால் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். இரண்டும் உண்மை.

1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தை இந்தக் கரையில் யாரும் மறக்க மாட்டார்கள். இறக்குமதி கட்டுப்பட்டுக் கிடந்தது. புடைவை அரசாங்கத்தின் சலுசலக் கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வருகிறபோதுதான் கிடைக்கும். கோதுமை மா வந்த மூட்டைச் சீலையைத் தோய்த்து, அச்செழுத்து போகும்வரை வெயிலில் காயவைத்து, உள்பாவாடையும் பிள்ளைகளுக்குக் காற்சட்டையும் தைத்தார்கள். அந்த நாட்களில் கையால் செய்த பரிசைப் 'பாசம்' என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. வேறு வழியில்லை, அவ்வளவுதான். இந்த இல்லாமையைப் பூப்போட்டு மறைத்துப் 'பொற்காலம்' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

வாழ்த்து அட்டை பள்ளிக்கூடத்தில் தொடங்கும். டிசம்பர் விடுமுறைக்கு முன் சித்திர பாடத்தில் பிரிஸ்டல் போட்டை நாலாய் வெட்டி மடிப்போம். செய்முறை பல. பன்னத் தழையை அட்டையில் பரப்பி, பழைய பல்துலக்கும் பிரஷை நீலச் சாயத்தில் தோய்த்து, சீப்பின் மேல் தேய்த்தால் பொடிப்பொடியாய்ச் சாயம் தெறிக்கும். தழையை எடுத்தால் அதன் உருவம் வெள்ளையாய் நிற்கும். ஊசியால் நட்சத்திர வடிவில் துளையிட்டு, துளைகளுக்கிடையே சிவப்பு நூல் கோப்பது இன்னொரு வகை. தையல் தெரிந்த பெண்பிள்ளைகளின் அட்டைகளில் அது தெரியும். கரையில் பொறுக்கிய சின்னச் சிப்பிகளை ஒட்டுவோம், தபாலில் அவை நொறுங்கும் என்று தெரிந்தும். பனியே கண்டிராத நாங்கள் பஞ்சைப் பிய்த்துக் கூரையில் பனி வைத்தோம், ஏனென்றால் கொழும்புக் கடைகளுக்கு வந்த சீமை அட்டைகளில் அப்படி இருந்தது. பாலன் குடிலைக் கிடுகுக் கூரையோடு, பக்கத்தில் வள்ளத்தோடு வரைந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த அட்டைகளே எனக்கு அதிகம் பிடித்தவை.

உள்ளே எழுதிய மொழி ஒரு தனிக் கதை. 'தமிழ் புளூட்டாக்' எழுதிய சைமன் காசிச்செட்டி 1807இல் பிறந்த ஊர் பக்கத்துக் கற்பிட்டி. புத்தளம், சிலாபம், நீர்கொழும்புக் கரையின் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழியும் செப மொழியும் தமிழாகவே இருந்தன. 20ஆம் நூற்றாண்டில் பாடசாலைகள் சிங்களத்துக்கு மாற, பிள்ளைகளின் எழுத்தும் மாறிற்று. பேத்தியார் தமிழில் எழுதிய நத்தார் அட்டைக்குப் பேரப்பிள்ளை சிங்களத்தில் பதில் எழுதிய வீடுகள் இந்தக் கரையில் உண்டு. சில வீடுகளில் பேத்தியாரின் அட்டையை வாசிக்க அயல்வீட்டாரைக் கூப்பிட வேண்டியிருந்தது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது. லேஞ்சிக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. பேத்தியார் தைத்த பூவைப் பேரப்பிள்ளை யாரையும் கேட்காமலே புரிந்துகொண்டது. தலவில திருநாளில் பக்கத்துப் பக்கத்துக் கொட்டில்களில் தங்குகிற சிங்கள, தமிழ்க் குடும்பங்கள் பிரியும்போது மாற்றிக்கொள்வதும் சொற்களைவிடப் பொருள்களே: ஒரு ஓலைப்பெட்டி, ஒரு துணிப்பை, கொஞ்சம் கருவாடு.

1977இல் பொருளாதாரம் திறந்தது. 1978இல் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்க, கிராமங்களுக்குள்ளும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. மறுபக்கம், புத்தளம் மாவட்டத்திலிருந்து பெண்கள் வளைகுடா வீடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். அங்கிருந்து வந்த பெட்டிகளில் ஆயத்தச் சட்டை இருந்தது, பற்றரியில் பேசும் பொம்மை இருந்தது, பளபளக்கும் போர்வை இருந்தது. தாயே இல்லாத வீட்டுக்கு வந்த அந்தப் பிறந்தநாள் பெட்டியைக் கையால் செய்யாதது என்று குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அதற்குள் இருந்ததும் ஒருத்தியின் உழைப்புதான்.

மாற்றம் நடந்த இடம் என்று நான் நினைப்பது இதைத்தான். இந்த நாட்டுப் பெண்கள் தைப்பதை நிறுத்தவில்லை. முன்பைவிட அதிகமாகத் தைக்கிறார்கள். இலங்கையின் ஆடை ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 500 கோடி அமெரிக்க டொலர். மேற்கு நாடுகளில் நத்தார் பரிசாகப் பிரிக்கப்படும் எத்தனையோ சட்டைகள் இந்த விரல்களால் தைத்தவை. அந்த வியாபாரத்துக்கான உடுப்பு பல மாதம் முன்னதாகவே கப்பலேற வேண்டும். ஓவர்டைம் நெருக்கும் அந்த மாதங்களில்தான் ஆகஸ்ட் திருநாளும் வருகிறது. தொழிற்சாலை லைனில் வேலை செய்கிறவள் ஒருத்தி நாள் முழுக்கக் கழுத்துப் பட்டியே பொருத்துவாள், அடுத்தவள் கையையே பொருத்துவாள். மின்னல் வேகத்தில் கழுத்துப் பட்டி தைக்கிறவளுக்கு, ஒரு குழந்தைச் சட்டையை அளந்து வெட்டி முடிக்கும் முழு வேலையும் கைவராமல் போகலாம். கேட்டால், 'எனக்குக் கழுத்து மட்டும்தான் தெரியும்' என்பாள். அவளுடைய தாய்க்குத் தெரிந்த சட்டை துண்டு துண்டாகப் பல பேரிடம் பிரிந்துபோயிற்று. விடுமுறை கிடைத்து ஊருக்கு வருகிறபோது, கடையில் ஒரு சட்டையும் பிளாஸ்டிக் உறையில் ஒரு வாழ்த்து அட்டையும் வாங்கி வருகிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுடைய நேரம் மணிக்கணக்கில் விற்றாயிற்று.

ஊசியை நம்பியவர்கள் இந்தக் கரையில் இன்னும் உண்டு. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பகுதி புத்தளம் மாவட்டத்துக்குத்தான் வந்தது. கற்பிட்டி வீதியின் இருபுறமும் ஓலைக் குடிசைகள் எழுந்தன. கையில் எதுவும் எடுத்துவர விடப்படாதவர்களிடம் மிஞ்சியது கைத்தொழில். பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை வேண்டுமே என்ற கவலையில் ஒரு மெஷினை நாலு வீடு மாறி மாறி மிதித்த காலம் அது. அதைப் பற்றித் தனியே எழுத வேண்டும், இந்தக் கட்டுரைக்குள் அடக்கினால் அது நியாயமாகாது.

பிறகு கைத்தொலைபேசி வந்தது. இலங்கையில் முதல் சேவை 1989இலேயே தொடங்கிவிட்டாலும், வாழ்த்து அட்டையை அது தொட்டது 2000க்குப் பிறகு. முதலில் குறுஞ்செய்தி, பிறகு வாட்ஸ்அப் படம். நத்தார் காலையில் ஒரே பாலன் படம் பத்துப் பேரிடமிருந்து வருகிறது. வெளிநாட்டிலுள்ள மகனின் முகத்தை அன்றே பார்க்கத் தாய்க்கு வழிசெய்ததும் அதே தொலைபேசிதான். அதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பத்துப் படத்திலும் அனுப்பியவரின் கையெழுத்து இல்லை. பேத்தியாரின் கோணல் எழுத்தை அவர் இறந்தபின் எடுத்துப் பார்க்க ஒரு அட்டை வேண்டும். அந்த இழப்பை வேறெதுவும் நிரப்புவதாக எனக்குத் தெரியவில்லை.

இன்று கைவேலை இல்லாமல் போய்விட்டதா என்றால், இல்லை. அது கடைக்குப் போயிருக்கிறது. கொழும்பில் பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய 'பேர்ஃபுட்' கடையில் நிறநிறமான கைத்தறித் துணியில் தைத்த பொம்மைகளை வெளிநாட்டார் வாங்கிப் போகிறார்கள். அந்த முயற்சியின் வேரிலும் கன்னியர் மடத்து நெசவுதான் இருந்தது. நல்லாயன் கன்னியர் தங்களிடமிருந்த பெண்களின் நெசவுக்கு வடிவமைத்துத் தரும்படி சன்சோனியைக் கேட்டதிலிருந்து எல்லாம் தொடங்கிற்று. சிறிய அளவில், முகநூலில் படம் போட்டு ஓர்டர் எடுத்து, பிறந்தநாளுக்குப் பெயர் தைத்த தலையணையும் கொக்கி ஊசியால் பின்னிய பொம்மையும் செய்து அனுப்பும் இளம் பெண்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தொழிற்சாலை வெட்டுத் துண்டுகளில் கால்மிதி தைத்து விற்கிறவர்கள் அதற்கும் முன்னிருந்தே இருக்கிறார்கள். முன்பு எல்லார் வீட்டிலும் நடந்தது, இன்று சிலருடைய தொழில். அந்தச் சிலருக்கு உரிய விலையைக் கொடுக்க நாம் தயங்குவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 'துணித் துண்டுதானே' என்று பேரம் பேசுகிறவர் அதே நாளில் அச்சடித்த குவளைக்குச் சொன்ன விலையைக் கொடுக்கிறார். கைத்தையலுக்கு ஆகும் மணிகளை எண்ணிப் பார்த்தால் பேரம் பேச வாய் வராது.

2022 பொருளாதார நெருக்கடியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போடப்பட்டன. பிரிஸ்டல் போட்டின் விலையைக் கேட்டு அட்டை செய்கிறவர்கள் திரும்பிப் போனார்கள். அப்போது பிள்ளைகள் பழைய கலண்டரின் வெள்ளைப் பின்புறத்தை வெட்டி மறுபடி அட்டை செய்தார்கள். கடையில் இல்லாதபோது கை நினைவுக்கு வருகிறது. ஆனால் இல்லாமையை நம்பி ஒரு பழக்கத்தை வளர்க்க முடியாது, வளர்க்கவும் கூடாது.

இந்தக் கரையின் தையலில் பாதி ஆண்களுடையது என்பதை நாம் எண்ணுவதேயில்லை. வலை பொத்துகிறவனும் ஊசியும் நூலும்தான் பிடிக்கிறான். 1950களின் பிற்பகுதியில் இயந்திரப் படகும் நைலான் வலையும் வருமுன், பருத்தி நூலில் கண் கண்ணாக வலை கட்டுவது ஆண்களின் கைவேலை. இன்று முழு வலை தொழிற்சாலையிலிருந்து வந்தாலும், கிழிந்ததைப் பொத்துவது இன்றும் கரையில் உட்கார்ந்துதான். சோளகக் காற்று அடித்துக் கடல் பொங்கும் மாதங்களில் வள்ளம் கரையில் கிடக்கும். அப்போது அவர்களுக்கு நேரமும் இருக்கிறது, விரல்களில் பழக்கமும் இருக்கிறது. தன் பிள்ளைக்கு ஒரு சட்டை தைக்க ஒரு தகப்பனால் முடியாதா? வலைக்கண்ணின் அளவைக் கண்ணாலேயே சொல்கிறவனுக்குக் கைக்குழந்தையின் அக்குள் அளவு சிரமமில்லை. பெண்பிள்ளைக்கு மட்டும் ஊசி என்ற அந்தப் பழைய பாடத்தை விட்டால், தையல் வீட்டுக்குத் திரும்ப ஒரு வழி உண்டு.

மறைக்கல்வி வகுப்புகளில் டிசம்பர் வந்தால் இன்றும் பிள்ளைகள் அட்டை செய்கிறார்கள். அங்கே கற்பிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: உள்பக்கத்தில் சிங்களமும் தமிழும் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள், தெரியாத எழுத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு எழுதட்டும். ஆகஸ்ட் திருநாளுக்கு முன்னான வாரங்களில், வள்ளம் கரையில் இருக்கும்போதே, பங்கு மண்டபத்தில் பையன்களையும் தகப்பன்மாரையும் சேர்த்து ஒரு தையல் வகுப்பு வைக்கலாம். சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பேத்தியார்மார் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் கழுத்து மட்டும் தைக்கிறவளும், கை மட்டும் தைக்கிறவளும் லீவில் வந்திருந்தால் அவர்களையும் கூப்பிட வேண்டும். குழந்தைச் சட்டை ஒன்றுக்குப் பழைய வாயில் சேலையில் அரை மீற்றர் போதும், நாடாவுக்கு ஓரத்தில் நாலு விரல் கூட விட்டுக் கிழிக்க வேண்டும்.